இறைச்சி கெட்டதை நிறம் சொல்லுமா?



பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டாத செய்தி ஒன்று உண்டு. விடியற்காலையில் வெட்டிய பாலை வெயில் ஏறுவதற்குள் சேர்த்துக் கொட்டகையில் ஊற்றிவிட வேண்டும். நேரம் கடந்தால் பால் வாளியிலேயே திரிந்து கட்டிதட்டிவிடும். அதைத் தடுக்கச் சில சொட்டு அமோனியா விடுவார்கள். வாளியைக் கழுவாமல் மறுநாளும் எடுத்துச் சென்றால் பால் இன்னும் சீக்கிரமே கட்டியாகும். இதற்குக் காரணம் என்ன?

மரப்பட்டையிலும் கிண்ணத்திலும் வாளியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களே காரணம். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிர்கள் பாலில் கலந்துள்ள சர்க்கரைப் பொருள்களைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் சேரச் சேரப் பால் உறைகிறது. பாலைப் பக்குவப்படுத்தும் ஆலைகளில், எளிதில் ஆவியாகும் அமிலம் அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, பால் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். ஆகவே, கிருமியை நேரில் பாராமல், அது விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு அதன் நடமாட்டத்தைக் கணக்கிடும் வித்தை தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதன்று. இன்று நாம் பேசவிருக்கும் வரலாறும் அந்த வித்தையைப் பற்றியதே.

பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டில் முதல் ரப்பர்க் கன்றுகள் சில நடப்பட்டன. பின்னாளில் எழுந்த பெருந்தோட்டங்களை நம்பிக் கடல் கடந்து வந்த நம் முன்னோர், ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களிலும் லயங்களில் குடியிருந்தனர். இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வாழ்க்கை எவ்வளவோ மாறியும், அடுப்பங்கரையில் நின்று நம் தாய்மார் கேட்ட கேள்வி ஒன்று மட்டும் மாறவில்லை. இந்த இறைச்சி நல்லதா, கெட்டுப்போனதா என்பதே அக்கேள்வி.

குளிர்ச்சாதனப் பெட்டி இல்லாத அந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஆடு அறுத்தால், பங்கு பிரித்த சூட்டோடு சமைத்துவிடுவார்கள். மிஞ்சியதைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டம் போடுவார்கள். சைக்கிளில் வரும் மீன்காரரிடம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். பாக்டீரியா என்ற சொல் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. ஆனால், ஈரம் இருந்தால் கெடும், உப்பு ஈரத்தை இழுக்கும், காய்ந்தது நிலைக்கும் என்பது தெரியும். நீர் இல்லாமல் கிருமி பெருகாது என்று பின்னால் வந்த விஞ்ஞானமும் அதையே சொன்னது.

முகர்ந்து பார்ப்பதற்கும் விஞ்ஞான அடிப்படை உண்டு. இறைச்சியில் உள்ள புரதத்தை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது காற்றில் கலக்கும் சில பொருள்கள் உண்டாகின்றன. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் லுட்விக் பிரீகர் என்னும் மருத்துவர், அழுகிய ஊனிலிருந்து அத்தகைய இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்குப் புட்ரெசின் என்றும், மற்றொன்றுக்குக் கடாவெரின் என்றும் பெயரிட்டார். முதற்பெயர் அழுகலையும் இரண்டாவது பிணத்தையும் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. மீன் நாற்றத்துக்குக் காரணமான பொருளும் இவற்றுக்கு உறவுள்ளதே. இந்த அழுகற்பொருள்களே உணவு நஞ்சாவதற்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவர் பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கை மூன்றே ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. 1888-இல் ஜெர்மனியில் ஃபிராங்கன்ஹவுசன் என்னும் ஊரில், நோயுற்ற பசு ஒன்றை அறுத்து இறைச்சியை விற்றனர். அதனை உண்ட பலர் நோயில் விழுந்தனர், ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் கெர்ட்னர் என்னும் ஆய்வாளர், அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரே வகைக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். இன்று சால்மனெல்லா என்று நாம் அழைக்கும் இனத்தைச் சேர்ந்த கிருமி அது. இதில் நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இறைச்சியை நாறச்செய்யும் கிருமிகள் ஒரு கூட்டம்; மனிதனை நோயில் தள்ளும் கிருமிகள் வேறொரு கூட்டம். சில வேளைகளில் இரண்டும் சேர்ந்து வரும். சில வேளைகளில் இரண்டாவது கூட்டம் மட்டும் ஓசையின்றி, வாசனையின்றி வரும். அப்போது மூக்கு நமக்குக் கைகொடுக்காது.

இந்த உண்மைக்குப் பேராக் மாநிலம் கொடுத்த விலை மிகப் பெரியது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வ விழா நடந்த சமயத்தில், இம்மாநிலத்தில் 13 சீனக் குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். கல்லீரல் செயலிழந்து மூளை பாதிக்கப்பட்டதே மரணத்துக்குக் காரணம். நோய் 2 மாவட்டங்களில் 6 ஊர்களில் சிதறிக் கிடந்தது. சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று யார் எதை உண்டார்கள் என்று விசாரித்தனர். உண்டவர் எத்தனை பேர், உண்ணாதவர் எத்தனை பேர், இரு சாராரிலும் நோயுற்றவர் எத்தனை பேர் என்று ஒப்பிட்டனர். லோ ஷி ஃபன் என்னும் அரிசி மாவு மீயை உண்டவர்களிடையேதான் நோய் மிகுந்திருந்தது. நோய் கண்ட ஊர்களும் அந்த மீ கம்பாரிலிருந்து விநியோகமான பாதையை ஒட்டியே அமைந்திருந்தன. இறந்த குழந்தைகளின் உடற்பகுதிகளைச் சோதித்தபோது அஃப்ளடாக்ஸின் என்னும் பூஞ்சை நஞ்சு இருப்பது உறுதியாயிற்று.

அஃப்ளடாக்ஸின் வீட்டு அடுப்பின் சூட்டில் அழிவதில்லை. முகர்ந்து பார்த்தும் அதைக் கண்டறிய முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய தாய்மார் கவனக்குறைவானவர்கள் அல்லர். அவர்களுடைய மூக்குக்கும் நாவுக்கும் எட்டாத எதிரி அது. எதிரியைக் காட்டிக்கொடுத்தது கணக்குத்தான். உண்டவர், உண்ணாதவர் என்று எண்ணி வகுத்துப் பார்த்த எளிய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு, 13 உயிர்கள் போன பிறகு எழுதிய கணக்கு. உயிர் போவதற்கு முன்னால் எழுதக்கூடிய கணக்கு உண்டா? அடுத்து நாம் அதைப் பார்ப்போம்.

நோயைக் கணக்கால் எதிர்கொள்ளும் முயற்சி தோட்டப்புறத்து வரலாற்றோடு பிணைந்தது. 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள், சிக்கந்தராபாத்தில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொசுவைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. ஊரில் உள்ள மக்கள் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், கொசுக்கள் எத்தனை என்று சமன்பாடுகளாக எழுதினார். கொசுக்களை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கிவிடும் என்று அந்தச் சமன்பாடுகள் காட்டின. மலாயாவில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901-இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்து நீர் தேங்காமல் செய்யத் தொடங்கியிருந்தார். பிறகு அந்த வேலை தோட்டங்களுக்கும் பரவியது. லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயும், அதில் தெளித்த எண்ணெயும் அந்த முயற்சியின் அடையாளங்கள்.

சமையலறைக்கும் கணக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்து வீடுகளில் சம்பள நாளன்று சார்டின் டின் உடைத்துக் குழம்பு வைக்காதவர் யார்? அந்த டின் பல மாதங்கள் கெடாமலிருப்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டின் உணவில் வளரக்கூடிய மிகக் கொடிய கிருமி ஒன்றின் வித்துகள், கொதிக்கும் நீரிலும் பல மணி நேரம் தாங்குபவை. 1922-இல் அமெரிக்காவில் எஸ்டி, மேயர் என்னும் இருவர், எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் அவை மடிகின்றன என்று அளந்தனர். ஒவ்வொரு குறிப்பிட்ட நேரத்துக்கும் பத்தில் ஒன்பது பங்கு மடிகிறது. 10 இலட்சம் இருந்தால் அது 1 இலட்சமாகும், பிறகு 10 ஆயிரமாகும், பிறகு ஆயிரமாகும். இந்த முறையை வைத்துத்தான் டின்னை 121 பாகை சூட்டில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று ஆலைகள் முடிவு செய்கின்றன. ஒவ்வொரு டின்னையும் திறந்து முகர்ந்து பார்க்க முடியாதல்லவா?

சூட்டில் கிருமி மடிவதைக் கணக்கிடலாம் என்றால், இறைச்சியில் அது பெருகுவதையும் கணக்கிடலாம். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைக்கச் சொல்லி அரசனைத் திகைக்க வைத்த கதையை நாம் சிறுவயதில் கேட்டிருப்போம். பாக்டீரியாவும் அப்படித்தான். ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும். நல்ல சூடும் ஈரமும் இருந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு பாக்டீரியா அந்த வேகத்தில் 7 மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து 20 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சந்தையில் வாங்கிய இறைச்சியில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை ஒரு கோடியானால் நாற்றம் தெரியத் தொடங்கும் என்றும், நம் நாட்டு வெப்பத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் என்பது ஒரு கோடியாவதற்குப் பத்தாயிரம் மடங்கு பெருக வேண்டும். அதற்கு 13 முறைக்குச் சற்று மேலாக இரட்டித்தால் போதும். அதாவது 6 மணி 40 நிமிடம். அதே இறைச்சியை அழுக்குக் கத்தியால் அறுத்து, அதில் தொடக்கத்திலேயே பத்தாயிரம் கிருமிகள் இருந்தால் என்னவாகும்? ஆயிரம் மடங்கு பெருகினாலே போதும். அதற்கு 10 முறை இரட்டித்தால் போதும். 5 மணி நேரத்தில் இறைச்சி நாறிவிடும். ஓர் அழுக்குக் கத்தி நம்மிடமிருந்து 1 மணி 40 நிமிடத்தைத் திருடிக்கொள்கிறது. கழுவாத வாளியில் பால் சீக்கிரம் கட்டிதட்டுவதும் இதே கணக்குத்தான்.

இந்தப் பெருக்கம் முடிவில்லாமல் நீளாது. இரை தீர்ந்தால், இடம் நெருங்கினால் வேகம் தணியும். மக்கள்தொகை பற்றி ஆராய்ந்த பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் என்னும் கணித அறிஞர், 1838-லேயே இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார். இரையின் அளவுக்கும் பாக்டீரியா வளரும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பிரான்சு நாட்டின் ஜாக் மோனோ 1940-களில் வகுத்தார். சூடு ஏறினால் வளர்ச்சி எவ்வாறு ஏறும் என்பதற்கு 1982-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் ராட்கோவ்ஸ்கி குழுவினர் எளிய விதியொன்றைத் தந்தனர். இத்தகைய சமன்பாடுகளின் தொகுப்பையே கணித மாதிரி என்கிறோம். வீடு கட்டுமுன் தாளில் படம் வரைந்து பார்ப்பதுபோல, நடக்கப்போவதை எண்களால் முன்கூட்டி வரைந்து பார்ப்பதே அது.

இனி, நிறம் காட்டும் பாக்டீரியாவின் கதைக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டில் இதே ஜாக் மோனோவும் அவருடைய தோழர் பிரான்சுவா ஜாக்கோபும் ஓர் அரிய உண்மையை விளக்கினர். நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் பொருளை எப்போதும் செய்துகொண்டிருப்பதில்லை. அந்தச் சர்க்கரை வந்து சேர்ந்தால்தான் செய்யத் தொடங்கும். விருந்தாளி வந்த பிறகே உலை வைக்கும் வீட்டைப் போன்றது அது. மரபணு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு விசை இருக்கிறது. உரிய பொருள் வந்தால் விசை திறக்கும். மரபணு வேலை செய்யும். இந்தப் பணிக்காக இருவரும், அவர்களுடைய மூத்த தோழர் லுவோஃபும் 1965-இல் நோபல் பரிசு பெற்றனர்.

விசை இருக்குமானால், ஒரு மரபணுவின் விசையை எடுத்து வேறொரு மரபணுவின் முன்னால் பொருத்தலாமே என்ற எண்ணம் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் அவ்வாறு அமைத்த பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினர். ஒன்று, மின்விளக்குச் சுவிட்சுபோல இரண்டு நிலைகளில் நிற்கும். மற்றொன்று, கடிகாரம்போல ஒளிர்ந்தும் மங்கியும் நேரம் காட்டும். இரு குழுவினரும் கணித மாதிரியின் துணைகொண்டே தங்கள் பாக்டீரியாவைத் திட்டமிட்டனர். பிறகு 2003-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதை ஒரு வகுப்பாக நடத்தினர். 2004-இல் 5 பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கலந்துகொண்ட போட்டியாக அது வளர்ந்தது. ஐஜெம் என்று பெயர்பெற்ற அந்தப் போட்டியில் விரைவில் உலக நாடுகள் பலவும் சேர்ந்தன.

2012-ஆம் ஆண்டு அந்தப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர்கள் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மாணவர்கள். உணவுக் காவலர் என்று பொருள்படும் பெயரைத் தங்கள் படைப்புக்கு வைத்தனர். பொட்டலத்தில் அச்சிட்ட தேதி வெறும் ஊகமே. உள்ளே இருக்கும் இறைச்சி உண்மையில் கெட்டதா என்பதைப் பொட்டலமே சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும், மண்ணில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டனர். கெட்டுப்போன இறைச்சியிலிருந்து எழும் ஆவியில் அதனை வைத்து, அதன் மரபணுக்களுள் எவை விழித்துக்கொள்கின்றன என்று ஆராய்ந்தனர். அவ்வாறு விழித்த ஒன்றின் விசையை எடுத்து, நிறமி செய்யும் மரபணுவின் முன்னால் பொருத்தினர். இந்த பாக்டீரியாவுக்கு விதையைப்போல உறங்கிக் கிடக்கும் ஆற்றல் உண்டு. உறங்கும் வித்துகளை ஒரு சிறு ஒட்டுப்பட்டையில் அடைத்து, தேவைப்படும்போது இரையோடு சேரச் செய்து எழுப்பிவிட்டால், இறைச்சி கெடும்போது பட்டை நிறம் மாறும். உள்ளே இருக்கும் பாக்டீரியா வெளியே வராது. வெளியே உள்ள ஆவி மட்டும் உள்ளே போகும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறம் எப்போது தெரியும்? உயிரைக் காக்கும் கேள்வி அதுதான். கணித மாதிரி தேவைப்படுவதும் அங்கேதான். இத்தகைய பட்டைக்கு மாதிரி எழுதுவோர் மூன்று கணக்குகளைச் சேர்த்து எழுத வேண்டும். முதலாவது, இறைச்சியில் கிருமி பெருகி ஆவி உண்டாகும் கணக்கு. இரண்டாவது, அந்த ஆவி பட்டைக்குள் ஊடுருவிச் சென்று விசையைத் திறக்கும் கணக்கு. மூன்றாவது, நிறமி சேர்ந்து கண்ணுக்குப் புலப்படும் கணக்கு. ஒவ்வொன்றும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. குழாயிலிருந்து விழுவது ஒரு பக்கம், ஓட்டையில் ஒழுகுவது மறுபக்கம். வருவதில் போவதைக் கழித்தால் வாளியில் மட்டம் ஏறும் வேகம் தெரியும். விஞ்ஞானிகள் எழுதும் நீண்ட சமன்பாடுகளின் உட்பொருளும் அவ்வளவே.

நாம் முன்பு போட்ட கணக்கையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 6 மணி 40 நிமிடத்தில் இறைச்சி கெடும் என்று கண்டோம். விசை திறந்த பிறகு நிறம் கண்ணுக்குத் தெரிய 3 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறைச்சி கெடுவதற்கு 3 மணி முன்னதாகவே விசை திறந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதால், 3 மணி நேரத்தில் 6 முறை இரட்டிக்கும். அது 64 மடங்கு. ஆகவே ஒரு கோடிக் கிருமிகள் விடும் ஆவியை உணர்ந்தால் போதாது. அதில் 64-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கிருமிகள் விடும் மெல்லிய ஆவியையே அது உணர வேண்டும். மிகையாக உணர்ந்தாலும் தொல்லைதான். நல்ல இறைச்சியையும் கெட்டதென்று சொல்லும். உழைத்துச் சம்பாதித்த காசு குப்பைக்குப் போகும். குறைவாக உணர்ந்தால், குழம்பை உண்டு முடித்த பிறகு நிறம் மாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை, நூறு பொட்டலம் இறைச்சியைக் கெடவைத்துப் பார்க்குமுன் தாளிலேயே அலசிவிடலாம். கணித மாதிரியின் பெரும்பயன் அதுவே.

மாதிரி மற்றோர் இடரையும் முன்கூட்டியே எச்சரிக்கும். இறைச்சியைக் கெடுக்கும் சூடோமோனாஸ் என்னும் இனம் குளிர்ச்சாதனப் பெட்டியிலும் மெல்ல மெல்ல வளரும். ஆனால் காவலுக்கு வைத்த பேசில்லஸ், குளிரில் சோர்ந்து உறங்கிவிடக்கூடியது. திருடன் விழித்திருக்க, காவற்காரன் உறங்கினால் வீடு என்னாகும்? சூட்டுக்கு ஏற்ப இருவருடைய வேகத்தையும் தனித்தனியே சமன்பாட்டில் எழுதினால் இந்தக் குறை தெரிந்துவிடும். மாணவர்களின் உணவுக் காவலர் போட்டிக்காக உருவான முன்மாதிரியே. அதற்கும் கடைத்தட்டுக்கும் இடையில் இத்தகைய இடைவெளிகள் பல இருக்கின்றன.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. காவலருக்கு எதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோமோ அதை மட்டுமே அவர் பார்ப்பார். 1988-இல் நம் மாநிலத்துக் குழந்தைகளைக் கொன்ற அஃப்ளடாக்ஸினை, அழுகல் ஆவிக்குப் பழகிய பட்டை கண்டிருக்காது. பத்தாண்டு கழித்து ஈப்போவுக்கு வந்த துன்பமும் இதையே உணர்த்தியது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை, பழகிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினர். கொசு மருந்து அடித்தனர். 1999 மார்ச் மாதத்தில்தான், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அதுவரை அறியப்படாத நிப்பா வைரசைக் கண்டறிந்தார். மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பின்னர் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று, நோய் தொடங்கிய பண்ணையின் கணக்கேடுகளைக் கொண்டு கணித மாதிரி எழுதியது. வௌவாலிடமிருந்து வைரஸ் ஒருமுறை வந்திருந்தால் நோய் பண்ணையில் பரவித் தானே அணைந்திருக்கும். மறுமுறையும் வந்ததால்தான் அது நிலைத்துப் பரவியது என்று அந்த மாதிரி காட்டியது. அந்த ஆய்வு அச்சேறியதும், உணவுக் காவலர் பரிசு பெற்ற அதே 2012-இல்தான்.

மரபணு மாற்றிய உயிர்களை உணவின் அருகில் வைக்கலாமா என்று நேயர்களுக்கு ஐயம் எழலாம். நியாயமான ஐயமே. அதற்காகத்தான் மலேசியாவில் 2007-இல் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தகைய உயிரை வெளியே விடுவதற்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும். உணவின் தூய்மையைக் காக்க 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும், 1985-ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. விற்பனைப் பொருள் கெட்டிருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். புகார் செய்வது பகையன்று. 1988-இல் வீடு வீடாகத் திரட்டிய விவரங்கள்தாம் நஞ்சின் பாதையைக் காட்டின. ஒரு குடும்பம் சொல்லும் விவரம் அடுத்த ஊர்க் குழந்தையைக் காப்பாற்றலாம்.

அந்த நிறப்பட்டை நம் கைக்கு வரும்வரை, அதே கணிதத்தை நம் வீட்டிலேயே கையாளலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் பரப்பி வரும் ஐந்து விதிகளும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே. கையையும் கத்தியையும் கழுவுவது, தொடக்க எண்ணிக்கையைக் குறைக்க. பச்சை இறைச்சியைச் சமைத்த உணவிலிருந்து பிரித்து வைப்பது, கிருமி இடம் மாறாதிருக்க. உள்ளே 70 பாகை ஏறும்படி நன்றாகச் சமைப்பது, இருப்பதைக் கொல்ல. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் 5 பாகைக்குக் கீழே குளிரூட்டுவது, இரட்டிக்கும் நேரத்தை நீட்ட. ஐந்தாவது, நல்ல நீரையும் புதிய பொருளையும் பயன்படுத்துவது. காலையில் வைத்த கோழிக்குழம்பை மாலைவரை மேசைமேல் விட்டுவிட்டு, மீண்டும் சூடேற்றினால் போதும் என்று எண்ணுவது தவறு. சில கிருமிகள் சூட்டில் செத்தாலும் அவை கக்கிய நஞ்சு சாகாது.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்டால், அவர்களிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். ஆயிரத்தை இரட்டிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடியைத் தாண்ட எத்தனை வரி எழுத வேண்டியிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பதினான்காவது வரியில் அவர்கள் நிறுத்துவார்கள். ஒவ்வொரு வரிக்கும் அரை மணி என்று சொல்லிவிட்டு, சந்தைக்குப் போய் வந்த நேரத்தையும், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தையும், பை அடுப்பங்கரையில் கிடந்த நேரத்தையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பையைத் திறக்க அவர்களே அவசரப்படுத்துவார்கள்.